பாத்ரூம் சாரும் பன்னிரண்டு தண்ணீர் பாட்டில்களும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எந்தப் பட்டறையின் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது, எதில் தாழ்ப்பாள் இல்லை, எதில் கதவே இல்லை என்பதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பாத்ரூம் சார்தான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாலும் இந்த விவரம் கீழே விழாது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உபயோகத்தில் இருந்தது.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் ஒரு துணிப்பை கம்பெனியில். பிளாஸ்டிக்கை ஒழித்து உலகத்தைக் காப்பாற்ற, வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணிப்பை தைத்து அனுப்புவோம். ஒவ்வொரு பையிலும் ஒரு பச்சை இலையும் பூமித்தாயைக் காக்கச் சொல்லி ஒரு வாசகமும் அச்சாகியிருக்கும். அந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் கப்பலில் ஏற்றுவோம். சேர்ந்த புதிதில் அது ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பாத்ரூம் சார் அங்கே பர்ச்சேஸ் ஆபீசர். துணி, நூல், அட்டைப்பெட்டி, பையின் கைப்பிடி என்று எதை யாரிடம் வாங்குவது என முடிவு செய்பவர். நான் அவருக்கு உதவியாளன். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு புது விதி வந்தது. நாங்கள் யோக்கியமாக இருந்தால் போதாதாம். எங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களும் யோக்கியமாக இருக்க வேண்டுமாம். ஆட்களை நன்றாக நடத்த வேண்டும், தண்ணீரை வீணாக்கக் கூடாது, இன்னும் பல. இதற்குப் 'பொறுப்பான கொள்முதல்' என்று பெயர். எங்கள் முதலாளி உடனே செயலில் இறங்கினார். அந்தப் பெயரை அழகாக அச்சடித்து, ஃபிரேம் போட்டு, வரவேற்பறையில் மாட்டினார். ஃபிரேம் நல்ல தேக்கு. எந்தக் காட்டுத் தேக்கு என்று யாரும் கேட்கவில்லை.

கூடவே ஒரு படிவம் வந்தது. எண்பத்து நாலு கேள்விகள். ஒவ்வொரு சப்ளையரிடமும் போய், பார்த்து, விசாரித்து நிரப்ப வேண்டும். வேலை செய்கிற மனிதர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், நான் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டேன். காற்றோட்டம் உண்டா? ஆம். கழிவுநீரைச் சுத்தம் செய்கிறீர்களா? ஆம். ஒரு தடவை கை போன வேகத்தில், 'உங்கள் மேல் கிரிமினல் வழக்கு உள்ளதா' என்பதற்கும் ஆம் போட்டுவிட்டேன். அந்த நூல்காரருக்கு முதல் தரச் சான்றிதழ் வந்தது.

பாத்ரூம் சார் அந்தப் படிவத்தைத் தொடவே மாட்டார். அவருடைய ஆய்வுக்கு ஒரே கேள்விதான். சப்ளையர் வாசலில் பழைய டிவிஎஸ்ஸை நிறுத்துவார். உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார். டீ நீட்டினால் கையால் ஒதுக்கிவிடுவார்.

"பாத்ரூம் எங்கங்க?"

"இப்பிடி வாங்க சார், நம்ம ரூம்லயே இருக்குது."

"உங்களுது வேணாங்க. வேல செய்றவங்க போறது எங்க?"

ஊரில் இருந்த அத்தனை சப்ளையர்களும் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அட்டைப்பெட்டிக்காரர் ஊறவைத்த வெந்தயத்தோடு காத்திருந்தார். நூல்காரர் வேலூரில் ஒரு டாக்டரிடம் நாளே குறித்துவிட்டார். தீபாவளிக்கு மற்ற கம்பெனி ஆபீசர்களுக்கு ஸ்வீட் பாக்ஸும் வெள்ளி டம்ளரும் போகும். இவருக்கு ஒரு புண்ணியவான் வாசனை பினாயில் அஞ்சு லிட்டர் அனுப்பினார். இவர் அதை வண்டியில் வைத்துத் திரும்ப எடுத்துப் போய், அந்தப் புண்ணியவான் பட்டறைக் கழிப்பறையிலேயே ஊற்றித் தேய்த்துவிட்டு வந்தார்.

இவர் ஏன் இப்படி என்பதற்குக் கேன்டீனில் ஒரு சோகக் கதை உலவியது. அவருடைய அக்கா ஏதோ ஒரு மில்லில் வேலை பார்த்து, கழிப்பறை இல்லாமல் சீக்கு வந்து செத்துப்போனாளாம். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள், நானும்தான். ஒருநாள் மனசு கேட்காமல் அவரிடமே துக்கம் விசாரித்தேன்.

"யாருய்யா சொன்னது? எனக்கு அக்காவே கெடையாது."

"அப்புறம் ஏன் சார்?"

"எனக்கு அடிக்கடி வரும்யா. வராதவனுக்கு இன்னா தெரியும் கஷ்டம்?"

இப்போது கைப்பிடி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பைகளுக்குக் கைப்பிடி தைத்துக் கொடுத்தது பூபதி என்பவரின் பட்டறை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை, பன்னிரண்டு தையல் மெஷின், பன்னிரண்டு பெண்கள். அதைச் சோதிக்க வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு ஆடிட்டர் வந்தார். சித்திரை மாதத்தில் டை கட்டி வந்தார் என்பதிலேயே அவர் எவ்வளவு விவரமானவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

பூபதி அவரை நேராகக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். நான் அசந்துவிட்டேன். சுவர் முழுக்க டைல்ஸ், முகம் பார்க்கக் கண்ணாடி, ரோஸ் கலர் பக்கெட், புது சோப்பு. என் வீட்டில்கூட அப்படி ஒன்று கிடையாது. ஆடிட்டர் எட்டுப் பக்கமிருந்து போட்டோ எடுத்தார். முழு மதிப்பெண். நான் ஏசி அறையில் போட்ட ஆம்களில் ஒன்று முதல்முறையாக உண்மையாகியிருந்ததில் எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

பாத்ரூம் சாரைத் தேடினால், அவர் கொட்டகைக்குள் மெஷின் மெஷினாகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தண்ணீர் பாட்டில். மணி சாயங்காலம் நாலு. பன்னிரண்டு பாட்டிலிலும் கழுத்து வரைக்கும் தண்ணீர் இருந்தது.

"எத்தினி மணிக்கும்மா வேலைக்கு வந்தீங்க?" என்று முதல் மெஷினில் இருந்த செல்வியைக் கேட்டார். செல்விதான் அங்கே மூத்தவள்.

"ஒம்போதுக்கு சார்."

"தண்ணியே குடிக்கலியா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "தாகமே இல்ல சார்."

அடுத்த மெஷினுக்கும் தாகம் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. மலையே சூடேறி மூச்சு விடுகிற ஊரில், தகரத்துக்குக் கீழே, பன்னிரண்டு பேருக்கும் ஒருசேரத் தாகம் இல்லை. பாத்ரூம் சார் நேராக அந்த அற்புதக் கழிப்பறைக்குள் போனார். பக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார், சொட்டு ஈரமில்லை. சோப்பை எடுத்துப் பார்த்தார், அதில் பொறித்திருந்த எழுத்து ஒன்றுகூட அழியவில்லை.

"பூபதி, இத எப்பய்யா தெறப்பே?"

"பௌர்ணமிக்கு சார். கிரிவலம் வர்றவங்களுக்காகக் கட்டுனது. தலைக்குப் பத்து ரூபா. மத்த நாள்ல தெறந்து வுட்டா நாஸ்தி பண்ணிடுவாங்க சார்."

"யாரு?"

"இதுங்கதான்," என்று பூபதி பன்னிரண்டு பேரையும் காட்டினார்.

அவர்கள் அவசரத்துக்கு இரண்டிரண்டு பேராக ரோட்டைத் தாண்டி முள்ளுச்செடி மறைவுக்குப் போய் வருவார்களாம். அங்கேயும் ஆள் நடமாட்டம் ஜாஸ்தியானதிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பாத்ரூம் சார் ஆடிட்டரிடம் போய் இதைச் சொன்னார்.

ஆடிட்டர் படிவத்தைப் புரட்டினார். "பாத்ரூம் இருக்கானுதான் சார் கேள்வி. தொறந்திருக்கானு கேள்வியே இல்லையே," என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆடிட்டர் அறிக்கையில் கம்பெனி சார்பாகக் கையெழுத்துப் போட பாத்ரூம் சார் மறுத்துவிட்டார். விஷயம் முதலாளியிடம் போனது.

"ஆடிட்டரே பாஸ் போட்டுட்டாரு. உனக்கு இன்னாய்யா வந்துச்சு?"

"பொம்பளைங்க தண்ணி குடிக்காம இருக்காங்க சார்."

"சரி, ஃபெயில்னு எழுது. பூபதிய லிஸ்ட்ல இருந்து தூக்கிடறேன். சர்டிபிகேட் வெச்சிருக்கற பெரிய கம்பெனி எவ்ளோ இருக்குது, அவங்க கிட்ட வாங்கிக்கலாம். பொறுப்பான கொள்முதல்னா அதான?"

மறுநாள் காலை கம்பெனி வாசலில் செல்வி நின்றாள், கூட மூன்று பேர். கைப்பிடி ஆர்டர் கைவிட்டுப் போகப்போகிறது என்று பூபதி அவர்களிடம் சொல்லியிருந்தார்.

"சார், தாகம் இல்லைனே எழுதிக்குங்க சார். எங்களுக்குப் பழகிப் போச்சு. வேலய மட்டும் எடுத்துடாதீங்க சார்."

அன்றைக்கு பாத்ரூம் சார் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. பாஸ் என்று எழுதினால் பாட்டில் காலியாகாது, ஃபெயில் என்று எழுதினால் அடுப்பு எரியாது. அவருக்குப் பக்கத்து மேஜையில் எண்பத்து நாலு ஆம்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்மேலேயே அசிங்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "ஆர்டர் எழுதிக்கய்யா. ஐட்டம் ஒண்ணு, கைப்பிடி, இருவதாயிரம். ஐட்டம் ரெண்டு, பூட்டு, ஒண்ணு. சாவியோட."

"பூட்டா சார்? எந்த பிராண்டு?"

"அவன் பாத்ரூம் கதவுல தொங்குதே, அந்த பிராண்டு. ரெண்டாவது ஐட்டம் வந்தாதான் மொத ஐட்டத்த கேட்டுக்குள்ள வுடணும்னு போடு."

முதலாளி எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கமில்லாதவர். என் ஆம்களைக் காப்பாற்றிய அதே பழக்கம் இந்த ஆர்டரையும் காப்பாற்றியது. நாலாம் நாள் பூபதி செய்தித்தாளில் சுற்றிய பூட்டோடு வந்து நின்றார். ஸ்டோர்ஸில் அதற்கு நம்பர் போட்டு, சீட்டு கட்டி, ஷெல்ஃபில் வைத்தோம்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் பூபதி மறுபடி வந்தார். "சார், பௌர்ணமி வருது. பூட்ட மட்டும் குடுங்க சார், அப்புறம் திருப்பித் தந்துடறேன்."

"பௌர்ணமிக்குப் பூட்டு எதுக்குய்யா? அன்னிக்குத்தான் தெறந்து வெப்பியே."

பூபதி வெறுங்கையோடு திரும்பிப் போனார். ஆனால் மனிதர் லேசுப்பட்டவரில்லை, புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். அடுத்த ஆர்டரிலும் இரண்டாவது ஐட்டமாகப் பூட்டு இருந்தது. மூன்று பூட்டு எங்கள் ஷெல்ஃபுக்கு வந்தபிறகு பூபதி பூட்டு வாங்குவதை விட்டுவிட்டார்.

ஒருநாள் ஸ்டோர்ஸைச் சுற்றிப் பார்த்த முதலாளி, துணிப்பை கம்பெனியில் பூட்டு எதற்கு என்று கேட்டு, முழுக் கதையும் தெரிந்து, கூரை அதிரக் கத்தினார். பாத்ரூம் சாரைப் பர்ச்சேஸிலிருந்து தூக்கி விருந்தினர் உபசரிப்பில் போட்டார்.

"உனக்குத்தான் பாத்ரூம்னா உசுராச்சே. இந்தா, கெஸ்ட் பாத்ரூம் சாவி. நீயே பாத்துக்க."

எங்கள் தையல் ஹாலுக்குப் பக்கத்திலேயே வெளிநாட்டு விருந்தாளிகளுக்கென்று ஒரு கழிப்பறை பூட்டிக் கிடந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை திறப்பார்கள். ஹாலில் இருந்த எண்பது பெண்களும் பின்பக்கக் கோடியில் இருந்த இரண்டே கழிப்பறைகளுக்கு வரிசையில் நிற்பார்கள். அந்தப் பூட்டைத் தாண்டித்தான் ஆறு வருஷமாக நான் டீ குடிக்கப் போய்வந்திருக்கிறேன். பூபதியைக் கேவலமாகப் பேசியவன், அதைக் கண்ணால் பார்த்ததேயில்லை.

மறுநாள் காலை பாத்ரூம் சார் முதலாளி முன்னால் கைகட்டி நின்றார்.

"சாவி காணோம் சார்."

"கதவு பூட்டியிருக்குதா, தெறந்திருக்குதா?"

"தெறந்திருக்குது சார். பூட்ட முடியல, அதான் கஷ்டம்."

புதுப் பூட்டு வாங்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. இப்போது பர்ச்சேஸ் என் பொறுப்பு. விதிப்படி மூன்று இடத்தில் விலை கேட்டேன். இரண்டு வந்தது. மூன்றாவதற்காக இன்னும் காத்திருக்கிறேன்.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாள், தையல்காரப் பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று உள்ளே போய்விட்டு வந்து, விருந்தாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே கழிப்பறை என்று பூரித்துப்போனார். "இதான் எங்க பாலிசி," என்றார் முதலாளி, கண் இமைக்காமல். வரவேற்பறையில் இரண்டாவது தேக்கு ஃபிரேம் ஏறியது. அதிலும் பாத்ரூம் சார் பெயர் கிடையாது.

அவர் ரிட்டயர் ஆன அன்று சால்வை, மாலை, கடிகாரம் எல்லாம் முறைப்படி நடந்தன. கூட்டம் கலைகிற நேரத்தில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். செல்வி நேராக அவரிடம் வந்தாள். கையில் பாட்டில்.

"சார், கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? தாகமா இருக்குது."

பாட்டில் காலி. பன்னிரண்டும் காலி. ஆயுசு முழுக்க யாரிடமும் டீ வாங்கிக் குடிக்காத அந்த மனிதர், தண்ணீர் கேனைத் தானே சாய்த்துப் பன்னிரண்டு பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்தார். வாசலில் டிவிஎஸ்ஸை உதைப்பதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வெச்சிக்கய்யா. யார் கேட்டாலும் காணோம்னு சொல்லு."

அப்படியே சொல்லிவருகிறேன். அது என் வீட்டுச் சாவிக் கொத்தில்தான் தொங்குகிறது. வீட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சாவிதான் முதலில் கைக்கு வருகிறது. அதைக் கழற்றி வைக்க இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.