மெட்ராசுக்கு ரெண்டே பேர்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால், உபதேசியார் சவுரியப்பன் கருத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். இன்றைய பூசை யார் யாருடைய வேண்டுதலுக்கு என்று ஊருக்குச் சொல்வது அவர் வேலை. செத்துப்போன ஒருவருடைய ஆத்மா இளைப்பாற ஒன்று. கிணற்றில் தண்ணீர் ஊற ஒன்று. சினைமாடு நல்லபடியாக ஈன ஒன்று.

நாலாவது சீட்டைப் பிரித்தார்.

"வருகிற இருபத்தெட்டாம் தேதி பெங்களூரில் ஆகாய விமானம் ஏறி, மெட்ராஸ் பட்டணம் சுற்றிப் பார்க்கப் போகும் நமது டைம்கீப்பர் மரியசூசை, அவர் மனைவி ராயம்மாள், இந்த இருவருடைய பயணமும் ஆபத்தில்லாமல் அமைய..."

கோயிலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரியசூசைக்குக் காது இரண்டும் சுட்டது. பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தார். ராயம்மாள் முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக் குனிந்திருந்தாள்.

பூசை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவர் முன்னாலும், அவள் பத்தடி பின்னாலும் நடந்தார்கள்.

"ஏய்."

"ம்?"

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"நான் யாருகிட்டங்க பேசறேன்?"

அதுவும் நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.

மரியசூசை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சேலம் வழியாக ஈரோடு, கோயமுத்தூர் செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்று கத்துகிற உத்தியோகம். முப்பது வருஷம் கத்தியாயிற்று. அதியமான்கோட்டை வீட்டுக்கு சைக்கிளில் வந்து சேரும்போது தொண்டையில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு "ம்" மட்டும்தான். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "உங்கம்மாவை மோர் ஊத்தச் சொல்லு" என்று குடித்தனம் நடந்தது. மகள் ஓசூருக்கும் மகன் பிலாய்க்கும் போனபின் அந்த வேலையை ரேடியோ பார்த்துக்கொண்டது.

ஆனால் அவர் மனசில் ஒரு முள் இருந்தது. கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். புது மாப்பிள்ளை, புதுப் பெண், கூடவே உறவுக்காரர்கள் ஒன்பது பேர். திரும்பி வரும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. ராயம்மாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுல ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து போவாங்களாமேங்க?" என்றாள்.

"ம்" என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் முப்பது வருஷத்தில் அவர்கள் ரெண்டு பேராக எங்கேயும் போனதில்லை. அந்த "ம்" சரியான பதில் இல்லை என்று ரிடையர் ஆக ஒரு மாதம் இருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பெங்களூர் வண்டி ஓட்டுகிற கிருஷ்ணப்பனிடம் ரகசியமாகச் சொல்லி, இரண்டு டிக்கெட் வாங்கிவரச் செய்தார். ஒரு காகிதத்தில் திட்டமும் போட்டார். அதை ராயம்மாளுக்குப் பஸ் ஸ்டாண்டு குரலிலேயே படித்தும் காட்டினார்.

"முதல் நாள், சாந்தோம் கோயில், லைட் ஹவுஸ். ரெண்டாம் நாள், செத்த காலேஜ்ங்கற மியூசியம், பதினாலு மாடிக் கட்டடம். மூணாம் நாள் முழுக்க, பீச்சுல சும்மா உக்காந்து பேசறது."

"பேசறதா?" என்றாள் ராயம்மாள். கையிலிருந்த, களி கிண்டுகிற கட்டை நழுவிக் கீழே விழுந்தது.

"ம்."

"யாருங்க?"

"நாமதான்."

சந்தோஷத்தில் நழுவிவிட்டது என்று அவர் நினைத்தார்.

ஆக, விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ராயம்மாள் பேசுகிறவள் இல்லை. மிச்சம் இருப்பது கிருஷ்ணப்பன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பெங்களூர் வண்டியை நிறுத்திவிட்டு நேரம் குறிக்க வந்த கிருஷ்ணப்பனை மரியசூசை அறைக்குள் இழுத்தார்.

"ஏம்ப்பா, உன்னை நம்பித்தானே சொன்னேன்? ஊரு பூரா தமுக்கு அடிச்சிட்டியே!"

"நானா? நான் யாருக்குச் சொன்னேன்?"

"பூசையில சீட்டு எழுதிப் போட்டிருக்கறே!"

"அய்யோ சாமி! உங்க கோயிலுக்கு வாசப்படி எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. பூசைச் சீட்டு எழுத நான் என்ன ஞானஸ்நானம் வாங்கினவனா?"

"அப்ப உன் வூட்டுக்காரி!"

"அவ கன்னடத்துக்காரி. அவ எழுதினா உங்க உபதேசியாரு எப்படிப் படிப்பாரு? பெங்களூரு வரைக்கும் போயி, க்யூவுல நின்னு, அண்ணிக்கு ஜன்னலோரம் வேணும்னு கேட்டு வாங்கியாந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இருபத்தெட்டாம் தேதி காலையில பிளேனு. நல்லா போயிட்டு வா. இனிமே என்கிட்டப் பேசாதே!"

வெளியே பஸ் ஸ்டாண்டு கப்சிப் என்றிருந்தது. வேர்க்கடலை விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரியசூசை மெதுவாக மைக்கைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கம்பைநல்லூர் போகிற கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"வாழ்த்துக்கள் சார். உங்க அக்கா வூட்டாண்டதான் நம்ம வண்டி நிக்குது. சொல்லிடறேன்."

"யோவ், வேணாய்யா!"

வண்டி போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் அக்கா இன்னாசியம்மாள் வந்து இறங்கினாள். தகப்பனில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"ஏண்டா சூசை, கிழக்கால இருக்கற மெட்ராசுக்கு வடக்கால எதுக்குடா போற?"

"பிளேன் அங்கதானக்கா இருக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் செத்தா போயிட்டேன்? பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஊரு சுத்தப் போற வயசா இது?"

அக்காவிடம் போய், நாங்கள் ரெண்டு பேராகப் போகணும் என்று எப்படிச் சொல்வது? அந்த நேரத்தில் மரியசூசை வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஊரு சுத்த இல்லக்கா. இவளுக்குக் கண்ணு சரியில்ல. மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரியில காட்டணும்."

அடுப்படியில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த ராயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஊசியை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"அய்யோ, மாதாவே!" என்று அக்கா மார்பில் அடித்துக்கொண்டாள். "கண்ணா? அப்ப ஒத்தை ஆம்பள எப்படிடா சமாளிப்பே? கையைப் பிடிச்சிக் கூட்டிப்போவ ஒரு பொம்பள துணை வேணாமா? நான் வரேன்."

"வேணாங்க்கா, உனக்கு எதுக்குச் செரமம்..."

"செரமமா? உனக்குப் பீ மூத்தரம் அள்ளினப்ப பார்த்தேனா செரமம்? கேளுடா உன் பெண்டாட்டியை!"

மரியசூசை ராயம்மாளைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு கண்சாடை காட்ட மாட்டாளா என்று பார்த்தார்.

"அண்ணி வந்தா நல்லதுதானுங்க" என்றாள் ராயம்மாள்.

பாவம், பெரியவளிடம் வேறு எப்படிச் சொல்வாள் என்று அவர் மனம் உருகியது.

அன்று சாயங்காலத்திலிருந்து கண் தெரியாத ராயம்மாளைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரொட்டி வந்தது. ஹார்லிக்ஸ் வந்தது. வந்தவர்கள் விரலை முகத்துக்கு நேரே நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டார்கள். இண்டூரிலிருந்து தம்பி சவரி, பெண்டாட்டி மதலேனம்மாளோடு வந்தான்.

"அக்கா மட்டும் போவுது, நாங்க வேணாமாண்ணா? நாளைக்கு அண்ணிக்கு ஆப்பரேசன்னா ரெத்தம் யாரு குடுப்பா?"

"கண்ணுக்கு எதுக்குடா ரெத்தம்?"

"அதை டாக்டரு சொல்லட்டும்."

சவரி வந்தால் மதலேனம்மாளின் அப்பா, அம்மாவை எப்படி விடுவது? அவர்கள் வந்தால் அக்காவின் மருமகளுக்கு முகம் சுண்டும். வியாழக்கிழமைக்குள் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பதினைந்து பேருக்குப் பிளேன் டிக்கெட் எடுக்க ஊரையே விற்றாலும் ஆகாது. சவரிதான் வழி சொன்னான்.

"அந்த ரெண்டு டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துருண்ணா. ஒரு வேன் பிடிச்சா எல்லாரும் ஒண்ணா போயிரலாம். பாட்டுப் பாடிக்கிட்டே போலாம்."

அன்றைக்கு வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் இல்லை. மரியசூசை டிக்கெட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ராயம்மாளிடம் நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல எதுங்க ஜன்னலு?"

"கிருஷ்ணப்பன் கேட்டு வாங்கினான். உனக்குத்தான்."

"ஓ."

"திருப்பிக் குடுத்துரச் சொல்றாங்க."

"உங்க இஷ்டங்க."

"உனக்கு?"

ராயம்மாள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அவரும் காத்திருந்தார். "வேணாம், நாம ரெண்டு பேரும் போலாம்" என்று அவள் சொன்னால், அக்கா என்ன, ஊரே எதிர்த்தாலும் போய்விடுவது என்றிருந்தார். அடுப்பில் பால் பொங்கியது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கிருஷ்ணப்பன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டான். பேச்சில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று மரியசூசை தொண்டையைச் செருமினார். கிருஷ்ணப்பன் ஹாரனை அடித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

இருபத்தெட்டாம் தேதி விடிந்ததும் வேன் புறப்பட்டது. செபமாலை சொல்ல ஆள் வேண்டுமென்று உபதேசியார் சவுரியப்பனையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். மரியசூசை டிரைவர் பக்கத்தில். ராயம்மாள் கடைசி சீட்டில், அக்காவுக்கும் புளிச்சோற்று மூட்டைக்கும் நடுவில். ஜன்னலோரத்தில் அக்கா. கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் அக்காவுக்கு மூன்று தடவை வாந்தி.

மெட்ராசில் முதல் நாள் முழுக்கக் கண்ணாஸ்பத்திரி வரிசையில் போனது. டாக்டர் ராயம்மாளின் கண்ணைப் பார்த்தார்.

"இவங்களுக்கு என்ன? கழுகு மாதிரிப் பார்க்கறாங்க. அந்தப் பெரியம்மாவை வரச் சொல்லுங்க, செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கறாங்க."

அக்காவுக்குக் கண்ணாடி போட்டார்கள். போட்டுக்கொண்டு முதன்முதலாகத் தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா சூசை, இவ்வளவு கெழவனா போயிட்டே?" என்று அழுதாள்.

இரண்டாம் நாள் சவரியின் மாமனார் காணாமல் போய், தேடிக் கண்டுபிடிப்பதில் போனது. செத்த காலேஜில் ஒரு பெஞ்சில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவரைக் காட்சிப் பொருள் என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பீச்சுக்கு நேரமில்லை. ஊருக்குத் திரும்புகிற வழியில் பரங்கிமலைத் தோமையார் கோயிலை மட்டும் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மலை உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே மீனம்பாக்கம் விமான நிலையம் விரித்த பாய் மாதிரித் தெரிந்தது. எல்லோரும் கோயிலுக்குள் போயிருந்தார்கள். ராயம்மாள் மட்டும் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியசூசை போய்ப் பக்கத்தில் நின்றார். மூன்று நாளில் இதுதான் முதல் தடவை.

ஒரு விமானம் மேற்கிலிருந்து இறங்கி வந்தது.

"பெங்களூரு பிளேனா இருக்கும்" என்றார்.

"ம்" என்றாள்.

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. என்னை மன்னிச்சிக்க என்று சொல்லலாம். இன்னொரு தடவை போலாம் என்று சொல்லலாம். விமானம் இறங்கி, ஓடி, நின்றுவிட்டது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ராயி! மெழுகுத்திரி எங்க வச்சே?" என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். ராயம்மாள் போய்விட்டாள்.

அவள் நின்ற இடத்துக்கு உபதேசியார் சவுரியப்பன் வந்து நின்றார்.

"நல்ல காத்து, இல்லீங்களா டைம்கீப்பரே?"

மரியசூசைக்கு நெஞ்சு பொங்கிவிட்டது.

"என்ன காத்து, உபதேசியாரே. முப்பது வருசத்துல அவ ஆசையா கேட்டது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேரா போவணும்னு. பாவம், அவளை மூட்டையோட மூட்டையா ஏத்திக்கிட்டு வந்திருக்கறேன். எந்தப் பாவியோ ஒரு சீட்டை எழுதிப் போட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டான். இந்தத் தோமையார் மலை மேல நின்னு சொல்றேன், அந்தக் கை..."

"அய்யோ, சாபம் வுடாதீங்க!" உபதேசியார் பதறிப்போய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எழுதினது என் கைதானுங்க. ஆனா எழுதச் சொன்னது உங்க வூட்டம்மா. 'மூணு நாளு இவருகூடத் தனியா உக்காந்து பேசணுமாம், உபதேசியாரே. என்னத்தைப் பேசறதுன்னே எனக்குத் தெரியல, பயமா இருக்குது, எப்படியாவது கூட நாலு பேரைச் சேத்து வுடுங்க'ன்னு அந்தம்மா அழுதுச்சுங்க."