அன்னூருக்கு ஒழுகாத வேன்

வேன் ஒழுகுவது நிற்காமல் கிணத்துக்கடவுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று என் வீட்டுக்காரர் சபதம் போட்டார். கிணத்துக்கடவு என் அம்மா வீடு.

வேனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. பின் சீட்டுப் பக்கம் திறக்க முடியாத கண்ணாடி ஒன்று. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் நேராக என் மடிக்கு வரும். நான் துண்டை விரித்துக்கொள்வேன்.

அவர் அக்கா வீடு அன்னூரில். கொட்டுகிற மழையில் மூன்று தடவை போய் வந்தோம். அப்போது ஒழுகலைப் பற்றி ஒரு பேச்சில்லை.

"அன்னூருக்குப் போகையிலயும் ஒழுகுச்சுங்களே."

"அது வேற மழை கண்ணு."

மழையில் இத்தனை வகை உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அவசரம். எங்கள் ரித்திகா நடக்கத் தொடங்கியிருந்தாள். நாலு அடி, பிறகு பொத்தென்று உட்காருவாள். மூட்டு ஆபரேஷன் ஆன அம்மாவால் பஸ் ஏற முடியாது. "அந்தத் தள்ளாட்ட நடைய ஒருக்கா பாத்துப்போடோணும் சாமி" என்று தினமும் போனில் சொல்வார். அந்த நடை எத்தனை நாளைக்கு? பத்து நாளில் ஓட ஆரம்பித்துவிடுவாள். நான் மட்டும் போகலாம்தான். மாப்பிள்ளை எங்கே என்று தெருவே கேட்கும். பதில் சொல்ல எனக்கு வாய் எழாது.

இவர் ஞாயிறுதோறும் ட்யூப் பசையைப் பிதுக்கி அப்பினார். ஒழுகல் இரண்டு விரற்கடை தள்ளிப்போய் ஒழுகியது.

"ரப்பரையே மாத்தோணும் கிருபா. அது இப்ப எங்கயும் கிடைக்கறதில்ல."

"கிடைச்சாப் போலாமுங்களா?"

"அன்னிக்கே போலாம். நாலு நாள் இருந்துட்டே வரலாம்."

கிடைக்காது என்ற தைரியத்தில் நாள்களை அள்ளி வீசினார்.

கண்ணாடியைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் வைத்து உக்கடம் போனேன். பழைய வண்டிச் சாமான் கடை பீர் முகம்மது பாயிடம் பேச்சு வராமல் நூலையும் செல்போனில் இருந்த வேன் படத்தையும் நீட்டினேன்.

"இது நம்ம மோகன்குமார் தம்பி வண்டியில்லீங்களா அம்மணி? ஆயுத பூசைக்கு முன்னாடியே ரப்பர் வாங்கிட்டுப் போனாருங்களே. இன்னுமா மாட்டல?"

எனக்குக் காது சுட்டது. பாய் மாட்டும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடிக்கு ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் ரப்பர் தானாக ஏறிக்கொள்ளும்.

திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் கோபம் ராமநாதபுரம் ஸ்டாப் வரைக்கும் இருந்தது. சிங்காநல்லூரில் இறங்கும்போது விஷயம் புரிந்தது. என் அண்ணன் கதிர் புதுக் கார் எடுத்தது ஆயுத பூசை அன்றைக்குத்தான். அதன் பக்கத்தில் இந்த வேனைக் கொண்டுபோய் நிறுத்த இவருக்குக் கூச்சம். கூச்சம் எனக்குத் தெரியாததா? வாய்விட்டுச் சொல்ல முடியாதபோது நான் துண்டை விரிக்கிறேன். அவர் ரப்பரை ஒளிக்கிறார்.

தேடினேன். அவர் வாங்கிய ரப்பர் பொட்டலம் வேனிலேயே, பின் சீட்டுக்கு அடியில் இருந்தது.

மறுநாள் அவர் பைக்கில் கம்பெனிக்குப் போனதும் பக்கத்து வீட்டு ஹுமேராவைக் கூப்பிட்டேன். பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்தோம். கயிறு கிடைக்கவில்லை. என் பாவாடை நாடாவை உருவினேன்.

"எத்தன பாவாடைக்கு நாடா கோத்திருக்கோம். இது என்ன பெரிய வேலை?" என்று ஹுமேரா வெளியிலிருந்து அழுத்தினாள். நான் உள்ளிருந்து இழுத்தேன். அறுத்த பழைய ரப்பரைப் புது ரப்பர் இருந்த காகிதத்தில் சுற்றி, நாடாவால் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் வந்தார். "மாப்பிள்ளை, இன்னைக்காவது வாரீங்களா?"

"எங்கீங்க வாரது அத்தை, மழை வந்தா வண்டிக்குள்ள தண்ணி கொளமாட்ட நிக்குது. நீங்களே பாருங்க." போனை என் கையில் கொடுத்து வேனுக்குள் உட்காரவைத்தார். வெளியே நின்று ஒரு பக்கெட் தண்ணீரைக் கண்ணாடியில் வீசினார்.

ஒரு சொட்டு இறங்கவில்லை.

இன்னொரு பக்கெட். மூன்றாவதில் அவர் வேட்டிதான் நனைந்தது.

"கண்ணாடி பளிச்சுனு ஆயிருச்சுங்க மாப்பிள்ளை. எப்பக் கெளம்பறீங்க?" என்றார் அம்மா.

இவர் மெதுவாக உள்ளே வந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டார். பொட்டலத்தைப் பிரித்தார். நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேட்டால் ஒளித்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். பொட்டலத்தை மறுபடி சுற்றிக் கட்டினார்.

"நீங்க போட்ட பசை நல்லாப் புடிச்சுக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்றேன்.

அன்றைக்கே கிளம்பினோம். வழியெல்லாம் நல்ல மழை. என் மடி காய்ந்தே இருந்தது.

அம்மா வீட்டு வாசலில் ரித்திகா அண்ணன் காருக்கும் வேனுக்கும் நடுவில் நாலு அடி தள்ளாடி வந்து அம்மா காலடியில் உட்கார்ந்தாள். அம்மா குனிய முடியாமல் அழுதார். கதிரின் புதுக் காரை ஒருவரும் பார்க்கவில்லை. அப்பாவின் கண் வேன் கண்ணாடியிலேயே இருந்தது.

"மூணு பக்கெட்டு ஊத்தியும் எறங்கலையாமா? தேங்காய் ஏத்தற நம்ம டெம்போவும் ஒழுகுதுங்க மாப்பிள்ளை. ரப்பர் வாங்கி வெச்சிருக்கறேன். கதிருக்கு ஏசி போடத்தான் தெரியும். நீங்களே மாட்டிக் குடுத்துப்போடுங்க."

"அதுக்கென்னங்க மாமா, செஞ்சுபோடலாம்" என்றார் இவர். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி மின்னியதில்லை.

கொஞ்ச நேரத்தில் சமையற்கட்டு வாசலுக்கு வந்து, யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏம்புள்ள, அந்த நாடாவ உள்ளிருந்து இழுக்கோணுமா, வெளியிருந்தா?"

"நாளைக்குச் சொல்லித் தாரேனுங்க" என்றேன். "நாலு நாள் இருக்கறோமில்லீங்க."