மூளை வாசலில் மூன்றாவது வடை

தான் படித்ததை அப்பாவுக்குப் புரியவைத்தே தீருவேன் என்று கிளம்பும் மகளை ஓர் அறையில் பூட்டி வைப்பது நல்லது. என்னை யாரும் பூட்டவில்லை. கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

அப்பா தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் காவலர். முப்பது வருடத்தில் சீட்டில்லாத லாரி ஒன்றுகூட உள்ளே போனதில்லை. முனைவர் பட்டத்துக்கு நான் ஆராய்ந்தது, ரத்தத்தில் வரும் கண்டதையும் மூளைக்குள் விடாமல் தடுக்கும் செல்களை. ஐந்து வருடமாக விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "ஏளா, நீ என்னதான் படிக்க? கேக்கவங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்பார். நான் ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில், "சரி, சாப்பிடு" என்று எழுந்துவிடுவார். எனக்கு அது பெரிய வருத்தம்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் யார்டிலேயே பந்தல், டீ, வடை. (வடையை மறந்துவிடாதீர்கள்.) அப்பாவோடு வேலை பார்த்த சேவியர் மாமா, "மவளும் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். இதுதான் சமயம் என்று பாய்ந்தேன்.

"நம்ம மூளைக்கும் ஒரு கேட் உண்டு. அங்கன காவலுக்கு நிக்கிற செல்லுதான் எங்கப்பா!"

கைதட்டல். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தத் தெரிந்தவள் ஐந்து வருடமா படிப்பாள்?)

"உடம்புல அழற்சி வந்தா, கொலஸ்டிராலில இருந்து உண்டாகுற சில மூலக்கூறு அவர்கிட்ட வந்து சேரும். அவர் சாப்பாட்டைச் சக்தியா மாத்துற விதமே மாறிரும். காவல் தளர்ந்து, கண்டதும் உள்ள போயிரும்!"

முதலாளி உட்பட அத்தனை பேரும் அப்பா கையிலிருந்த மூன்றாவது வடையைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, எந்த லாரி உள்ள போச்சு?" என்றார் சேவியர் மாமா.

"ஏலே, ஒண்ணுகூடப் போகலைலே!" அப்பா வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேவிட்டார்.

"நான் செல்லைச் சொன்னேன்!" என்று அலறினேன். மைக் என்னைவிட அலறியது. பந்தலே சிரித்தது, அப்பாவைத் தவிர. முப்பது வருடப் பெயரை இரண்டு நிமிடத்தில் கெடுத்தேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

திரும்பும் ஆட்டோவில் அப்பா கேட்டார்: "அந்தக் கேட்ல நிக்கவனுக்குச் சாப்பாடு ஒத்துக்காமப் போனா காவல் என்னாகும்னுதான் அஞ்சு வருசமாப் பாக்கியா?"

"ஆமாப்பா."

"பாவம்ளா அவன். அவனுக்கு மாத்தாளு உண்டா?"

பட்டத்துக்கான தேர்வில் என்னைக் குடைந்த பேராசிரியர்கள் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சந்தோஷத்தில் ஆட்டோவிலேயே அழுதேன்.

இப்போது தெருவில் யார் கேட்டாலும், "எம்மவ மூளை கேட்ல நிக்கவனுக்கு என்ன சீக்குன்னு பாக்கா" என்கிறார். வீட்டில் அவர் கை மூன்றாவது வடைக்கு நீண்டால், அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள்: "கேட்ல யாரு நிக்கா?"

"மாத்தாளு நிக்கான்" என்று சொல்லிவிட்டு, அப்பா நிதானமாகக் கடிப்பார்.