பேத்தி பேசி முடிப்பதற்குள் வந்துவிட்ட மாடி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆகவே கடிதம் வந்து சேரும்வரையாவது யாரும் காய்ச்சலில் படுக்க வேண்டாம். “ஏன் மாப்ளே, எழுபத்திரண்டு வயசுல அ, ஆ படிச்சு எந்த ஆபீசுக்குப் போகப்போறீங்க?” என்று கேட்டீர்கள் அல்லவா? ஆபீசுக்குத்தான் போனேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பேத்தி சிறுவயதில் யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள் என்று நீங்கள்தான் அவளுக்கு ‘ஊமைக்கோட்டான்’ என்று பெயர் வைத்தீர்கள். அவள் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மூன்று நேர்காணலுக்குப் போனாள். மூன்றிலும் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்ட மாத்திரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த மாதமும் வேலை கிடைக்காவிட்டால் உங்கள் டைல்ஸ் கடையில் வந்து ஃபோன் எடுக்கட்டும் என்று சொல்லியனுப்பினீர்களே, அன்றிலிருந்து இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் கடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் படித்தது புள்ளியியல்.

இந்தக் காலத்தில் படிப்பு மட்டும் போதாதாம் மச்சான். சோப்புக்கும் பற்பசைக்கும் இருப்பதுபோல ஆளுக்கும் ஒரு பிராண்ட் வேண்டுமாம். அதற்காக அவள் பட்ட பாட்டைப் பார்த்து அசந்துபோனேன். அம்மாவின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்று நாற்பது படம் எடுத்தாள். இடுப்புக்கு மேலே மேனேஜர், கீழே இரவு உடுப்பும் ரப்பர் செருப்பும். படத்துக்குக் கீழே தன்னைப் பற்றி நாலு வரி எழுதி இணையத்தில் போட்டாள். பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் முழுதாகப் படித்த முதல் எழுத்து அதுதான். ‘குழுவாகப் பணியாற்றுவதில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்’ என்று இருந்தது. சொந்தத் தங்கையோடு ஒரு சார்ஜரைப் பங்கு போடத் தெரியாதவள்! ஆனாலும் அச்செழுத்தில் பார்த்தபோது நானே நம்பிவிட்டேன்.

அப்புறம்தான் லிப்ட் வந்தது. இணையத்தில் பாடம் நடத்தும் பயிற்சியாளர் ஒருவர் சொன்னாராம்: பெரிய அதிகாரி ஒருவர் உன்னோடு லிப்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள், அவர் இறங்குவதற்குள் நீ யார் என்று சொல்லி முடித்துவிட வேண்டும். யாரிடம் வந்து சொல்கிறாள் பாருங்கள். முப்பத்தொரு வருடம் லிப்ட் ஓட்டியவன் நான். எத்தனை அதிகாரி! ஒருவராவது வாய் திறந்ததுண்டா? எல்லோரும் எண் பலகையைப் பார்த்தபடி சாமி கும்பிடுவதுபோல நிற்பார்கள்.

“அது உங்க காலத்து லிப்ட், தாத்தா.”

“லிப்டுக்கு ஏதும்மா காலம்? அப்பவும் மேலதான் போச்சு.”

இருந்தாலும் ஒத்திகைக்கு நான்தான் லிப்ட். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் மாடியைச் சொல்வேன், அவள் தன்னைச் சொல்வாள். முதல் நாள் இரண்டாம் மாடியிலேயே அழுதாள். பத்தாம் நாள் என் மருமகள் வாளியோடு வந்து “மாமா, வழி விடுங்க” என்றபோது, பேத்தி பேச்சை நிறுத்தாமல், “அம்மா, நீ மூணுல ஏறிக்கோ” என்றாளே பார்க்கலாம்!

நேர்காணல் நாளன்று துணைக்குப் போனேன். மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி, பன்னிரண்டாவது மாடி. லிப்டில் ஓட்டுபவருக்கு முக்காலிகூட இல்லை. சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் ஏறிப் பன்னிரண்டை அமுக்கினார். பேத்தி என்னைப் பார்த்தாள். மூச்சை இழுத்து, “வணக்கம் சார்” என்று தொடங்கிவிட்டாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன லிப்ட் பறக்கிறது மச்சான்! என் பழைய வண்டியில் நாலாம் மாடி வருவதற்குள் வாயில் போட்ட மிட்டாய் கரைந்துவிடும். இங்கே அவள் பெயரும் படிப்பும் சொல்லி முடிப்பதற்குள் ஐந்தாவது மாடி. என்ன செய்வேன்? உள்ளங்கையை வைத்து ஆறிலிருந்து பதினொன்றுவரை மொத்தமாக அமுக்கிவிட்டேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும், வெறும் வராந்தா எட்டிப் பார்க்கும், கதவு மூடும். அவள் அசரவில்லை. எட்டில் இரண்டு பேர் ஏறினார்கள். அவர்களையும் பார்த்து அப்படியே தொடர்ந்தாள். பத்தில் முடித்தாள். கோட்டுக்காரர், “நல்லா பேசறீங்க” என்றார். நம் ஊமைக்கோட்டானைப் பார்த்து!

வேலை கிடைத்துவிட்டது மச்சான். வாடிக்கையாளர் குறைகேட்கும் பிரிவில் வரும் புகார்களையெல்லாம் எண்ணி வகை பிரிக்கும் வேலை. ஆகவே கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டன் அமுக்கியது நமக்குள் இருக்கட்டும். லிப்டில் ஏதோ கோளாறு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேத்தியின் பேச்சு பாதி, என் கை பாதி என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
எழுதவும் தெரிந்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: நான் ஒரு வரி எழுதுவதற்குள் பேத்தி பின்னால் நின்று நாலு பக்கத்தையும் படித்துவிட்டாள். “தாத்தா, லிப்டுல மூணு பக்கமும் கண்ணாடி. உங்க கை நல்லாத் தெரிஞ்சுது” என்கிறாள். நேர்காணல் அறையில் அந்தக் கோட்டுக்காரர்தான் நடுவில் உட்கார்ந்திருந்தாராம். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் மனப்பாடம் செய்த அத்தனையும் மறந்துபோய், “சார், பட்டன் அமுக்கினது எங்க தாத்தா, மன்னிச்சிடுங்க” என்று தொடங்கி, என் முப்பத்தொரு வருடத்தையும் ஃபிரிட்ஜ் லிப்டையும் சொல்லியிருக்கிறாள். அறையே சிரித்ததாம். “லிப்டுல நீங்க பேசினதுல ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்லைம்மா, இப்பச் சொன்னதுதான் நீங்க” என்று வேலையைக் கொடுத்துவிட்டாராம். ஆக, நான் மேலே எழுதிய பெருமையெல்லாம் பொய். திருத்தி எழுதலாம் என்றால், இதற்கே பதினொரு நாள் ஆகியிருக்கிறது. அப்படியே அனுப்புகிறேன், நீங்களே அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும்.