கோதண்டராமனின் சொந்த ஓட்டு

சேர்மன் ஆகியே தீருவது என்று கோதண்டராமன் முடிவு கட்டிவிட்டார். பன்னிரண்டு வருஷமாக முனிசிபல் மெம்பர். அவர் பேச எழுந்தால், கூட்டத்துக்கு விசிற உத்தரத்துப் பங்காவைக் கயிற்றால் இழுக்கிறவன்கூடத் தூங்கிவிடுவான்.

எதிர்த்து நின்றவர் மக்பூல் அகமது. மெம்பராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ஆம்பூர் ரோட்டில் இருநூறு ஆட்களை வைத்துத் தோல் பதனிடும் ஷாப்பு நடத்துகிறவர்.

ஓட்டுப் போட வேண்டிய மெம்பர்களில் இரண்டு பக்கமும் சம ஓட்டு. கோதண்டராமனின் மூளை வேலை செய்தது. பெண் மெம்பர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஜில்லா அதிகாரிகள் இருக்கும் வேலூருக்குப் பல தடவை ரயிலேறி, கண்டவருக்கெல்லாம் சலாம் போட்டு, அந்த இடத்துக்குத் தம் மனைவி அமிர்தவள்ளியையே நியமிக்க வைத்துவிட்டார்.

“நீ ஒண்ணும் பேச வேணாம். என் பேரைச் சொன்னதும் கையைத் தூக்கு, போதும்.”

“அந்த பாய் இருநூறு பேரைக் கட்டி மேய்க்கிறாரு. நீங்க யாரை மேய்ச்சீங்க?”

“தோலை ஊற வெக்கிறதும் ஊரை ஆள்றதும் ஒண்ணாடி? சட்டம் தெரியணும்! எத்தினி தீர்மானம் போட்டிருக்கேன்!”

“நம்ம தெரு சாக்கடைக்குக்கூடத்தான் போட்டீங்க. ஓடுதா?”

“தீர்மானம் போடறது என் வேலை. ஓடறது தண்ணியோட வேலை!”

அமிர்தவள்ளி அடுப்படிக்குப் போய்விட்டாள். மசிந்துவிட்டாள் என்று அவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

தேர்தல் கூட்டத்தில், பேர் கூப்பிடும் முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி. சேர்மன் ஆனா, நாளைக்குக் காலைல எங்க தெரு சாக்கடைக்கு இன்னா பண்ணுவீங்க?”

கோதண்டராமன் தொண்டையைக் கனைத்தார். “ஒரு சப்கமிட்டி அமைத்து, அதன் அறிக்கையைப் பரிசீலித்து, தக்கதொரு தீர்மானம்...”

பங்கா நின்றுபோயிற்று.

மக்பூல் அகமது தாடியைத் தடவினார். “அதுல எங்க ஷாப்புத் தண்ணிதாம்மா ஜாஸ்தி. மொதல்ல அத அடைக்கிறேன். அப்புறம் ஆளுங்க மம்பட்டியோட வருவாங்க.”

அமிர்தவள்ளி கையைத் தூக்கினாள். பாய் சேர்மன் ஆனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கோதண்டராமன் குதித்தார். “இத்தினி நாளா அந்தத் தண்ணிய விட்டதே அவருதானே! நாளைக்கு மறுபடியும் தொறந்து விட்டா யாரு கேக்கறது? நான் சும்மா இருக்க மாட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்னு கேள்வி கேப்பேன்!”

“கேளுங்க, நல்லாக் கேளுங்க” என்றாள் அமிர்தவள்ளி. “அதுக்குத்தானே உங்கள மெம்பராவே விட்டு வெச்சிருக்கேன்.”