கண்ணாடியைக் கழற்றாமல் விழுந்த தாத்தா

பெருமதிப்புக்குரிய அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கு எல்லாரும் நலம் என்றும் எழுத ஆசைதான். ஆனால் தாத்தா கண்ணாடியைக் கழற்றாமல் விழுந்துவிட்டார். நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

போனை வைத்தது போலக் கடிதத்தையும் வைத்துவிடாதீர்கள் அத்தை. "தாத்தாவுக்கு" என்று நான் ஆரம்பித்ததுமே, "நெஞ்சு வலியா? நிஜமாவே செத்தா மட்டும் சொல்லு" என்று வைத்துவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. உங்களைப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் போனில் முனகி வரவழைத்துவிட்டு, நீங்கள் அழுதுகொண்டு ஓடிவந்தால் காலாட்டியபடி காபி குடித்துக்கொண்டிருப்பவரை யார்தான் நம்புவார்கள்?

அவர் தொழிலே அதுதானே. பழைய படங்களில் கதாநாயகியின் அப்பா என்றால் தாத்தாதான். இடைவேளைக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகவேண்டும். உடுப்பெல்லாம் கம்பெனியுடையது, கண்ணாடி மட்டும் இவர் சொந்தக் கண்ணாடி. உடைந்தால் வீட்டில் பாட்டியிடம் பதில் சொல்லவேண்டுமே என்று, முதல் படத்திலேயே கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் செத்தாராம். டைரக்டர் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டிவிட்டார். அதிலிருந்து தாத்தா கண்ணாடியில் கைவைத்தாலே தியேட்டரில் பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிடுவார்களாம். ஒரு படத்தில் சும்மா துடைப்பதற்காகக் கழற்றினார். கொட்டகையே அழுதுவிட்டு, ஆள் எழுந்து காபி கேட்டதும் கோபப்பட்டதாம். இன்னொரு படத்தில் கடைசிவரை உயிரோடு இருந்தார். பாதிப் படத்தை வெட்டிவிட்டீர்களா என்று பார்த்தவர்கள் தியேட்டர் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போனார்களாம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நான் பட்டன் தைக்கும் டெய்லர் கடைக்குத் தாத்தா சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். டெய்லர் தோளை அளந்துகொண்டிருக்கும்போதே தாடையைப் பிடித்துக்கொண்டு துணிக்குவியல் மேல் சாய்ந்தார். டெய்லருக்கு ஒரே குஷி. "அடடா பெரியவரே, நெஞ்சைப் பிடிக்க மறந்துட்டீங்களே! எந்திரிங்க, இன்னொரு டேக் போகலாம்" என்றார். துணி எடுக்க வந்தவர்கள் கைதட்டினார்கள். ஓர் அம்மா, "எங்க கல்யாணத்துக்கு முந்தி பார்த்த படத்துல கூட இப்படித்தான் விழுந்தாரு" என்று குழந்தையைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு மட்டும் கண்ணாடி தெரிந்தது. ஒரு பக்கம் காதில் தொங்கியது, மறு பக்கம் மூக்கில் குத்திக்கொண்டிருந்தது. என் குரல் உங்களுக்குத் தெரியும். டீச்சர் பெயர் கூப்பிட்டால் நான் "உள்ளேன்" என்று சொன்னது எனக்கே கேட்காது. வந்த நாளெல்லாம் ஆப்சென்ட் விழுந்ததால்தான் வராமலே இருந்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்தை விட்டேன். ஊசியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். தண்ணீர், டாக்டர், ஆட்டோ எதுவும் வாயில் வரவில்லை. "கட்!" என்று கத்தினேன். கைதட்டல் நின்றது. தையல் மெஷின் நின்றது. பழக்க தோஷத்தில் தாத்தாகூட ஒரு கண்ணைத் திறந்தார். "நிஜம்" என்றேன். அது யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் டெய்லர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். கழுத்தில் அளவு டேப்போடு தாத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டோக்காரர் தாத்தாவை அடையாளம் கண்டு, "ஷூட்டிங் எங்கம்மா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இது மாரடைப்புதான் என்றார். தாத்தாவுக்கு ஒரே அவமானம். "நெஞ்சு வலிக்கவே இல்லையே டாக்டர், தாடையும் கையும்தானே வலிச்சுது" என்றார். "பல பேருக்கு அப்படித்தான் வரும்" என்றார் டாக்டர். "அப்ப இத்தனை வருஷமும் நான் தப்பாவா செத்தேன்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். இந்த வயதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்கள் அதற்குமுன் வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். அப்பாவுக்கு லாரியை விட்டுவிட்டு வர இன்னும் இரண்டு நாளாகும். வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான் வரவேண்டும் அத்தை.

மாமாவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் விழுவது என்றாலே இப்போது பயமாக இருக்கிறது. நின்றபடியே வணங்குகிறேன்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: தாத்தா விழித்துக்கொண்டார். யாருக்கு எழுதுகிறாய், படி என்றார். படித்தேன். டெய்லர் வருமிடத்தில் சிரித்தார். ஆபரேஷன் வருமிடத்தில் சிரிக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சட்டைப் பையைத் தடவினார்; ஆஸ்பத்திரிச் சட்டைக்குப் பை கிடையாது, அதனால் என் கையில் கொடுத்தார். "எனக்கு ஒண்ணுமில்லடி, வெறும் வாயு. மேலே எழுதினதெல்லாம் பொய், நீ வரவேண்டாம்னு உன் அத்தைக்கு எழுதிடு" என்று நன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, உறையின்மேல் உங்கள் முகவரியை எழுதினேன்.