ஜானவாசத்துக்கு நாலு கியர்

ஒரு காரை எப்படி வேகமாக ஓட வைப்பது என்று என்னைக் கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்வேன். எப்படி மெதுவாக ஓட வைப்பது என்று மட்டும் என் வீட்டாருக்கு முன்னால் கேட்டுவிடாதீர்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் அத்திம்பேர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தோரு வயது, புத்தி அதில் பாதி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. அப்பா வக்கீல். கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய அமெரிக்கக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. கூரைத் துணியை மடித்துவிட்டால் திறந்த வண்டி. இன்ஜினில் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில், பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்பா அதில் கோர்ட்டுக்குப் போவார், ஓட்டுவது நான். முகூர்த்த மாதங்களில் தெருவிலுள்ள எல்லா மாப்பிள்ளைகளும் அதில்தான் ஜானவாசம் போவார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், தெருக்கோடி ஆஞ்சநேயர் சந்நிதியிலிருந்து பெண் வீடு வரைக்கும், நாகஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் ஊர்வலம்.

எனக்கோ வேறு கனவு. சென்னைக்கு வடக்கே பழைய விமானத்தளத்தில் மாசி மாதம் கார் பந்தயம். நம் காரும் ஓடினால் என்ன? இன்ஜினில் பலம் இருந்தது. கியர் பாக்ஸில்தான் கோளாறு. மூன்றே கியர். இரண்டாவதில் கத்திக்கொண்டு போகும், மூன்றாவதுக்கு மாற்றினால் குறட்டை விடும். நடுவே ஒரு கியர் இல்லாத குறைதான் நான் ஜெயிக்காததற்குக் காரணம் என்று முடிவு கட்டினேன். (அதுவரை எந்தப் பந்தயத்திலும் நான் கலந்துகொண்டதில்லை என்பது சின்ன விஷயம்.)

பாலக்கரையில் லேத் பட்டறை வைத்திருந்த காதர் பாய்தான் வழி காட்டினார். மரத்தில் மோதிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதில் நாலு கியர் பெட்டி ஒன்று அடிபடாமல் இருந்தது. அப்பா ஒரு வழக்குக்காக நாலு நாள் மதுரைக்குப் போன சமயம், காரைப் பட்டறைக்குள் விட்டோம். இன்ஜினின் ஓட்டைகளும் புதுப் பெட்டியின் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவில்லை. பாய் அரை அங்குலத் தகடு ஒன்றில் இருவருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஓட்டை போட்டு நடுவில் வைத்துச் சமாதானம் செய்தார். புதுப் பெட்டி நீளம், அதனால் பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை நாலு அங்குலம் வெட்டிப் பற்றவைத்தோம். மூன்று நாள் காருக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது குறைவு.

முடிந்ததும் பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இது ஓடுற பொட்டி. நடக்குற பொட்டி இல்ல. இதோட முதல் கியரு உங்க பழைய ரெண்டாவது கியரு மாதிரி. பாத்துக்கங்க."

"நடக்கறதுக்கு யாரு பாய் கார் வாங்குவா?" என்று சிரித்தேன்.

சமயபுரம் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முதல், இரண்டு, மூன்று, நாலு. கியருக்குக் கியர் வேகம் தொய்யவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது (காற்றினால்தான்). வேகமாகப் போகுமா என்று பத்து தடவை பார்த்தேன். மெதுவாகப் போகுமா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பழைய பெட்டியைப் பாயிடமே வைத்துவிட்டு, அப்பாவிடம், "ஆயில் மாத்தினேம்பா" என்றேன்.

பத்தாவது நாள் என் அக்கா கோதையின் ஜானவாசம்.

அக்காவுக்கு இருபத்து நாலு வயது. முன்பே இரண்டு இடங்கள் கைகூடி வந்து தட்டிப்போயிருந்தன. வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். மாப்பிள்ளை தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர், சாது. அவருடைய பெரியப்பா சாது இல்லை. சாத்தமுதில் (ரசத்தில்தான்) பெருங்காயம் குறைவு என்று ஒரு கல்யாணத்தையே பாதியில் நிறுத்தியவர் என்று பேச்சு. காரில் முன் ஸீட்டில் என் பக்கத்தில் அவர்தான் அங்கவஸ்திரத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாகப் பின் ஸீட்டில்.

மேளம் கொட்டியது. நான் கிளட்சை விட்டேன்.

கார் நடக்கவில்லை, பாய்ந்தது. தவில்காரர் தவிலோடு பக்கத்துப் பூக்கடைக்குள் புகுந்துகொண்டார். நான் பிரேக்கை மிதிக்க, இன்ஜின் நின்றது. பெரியப்பாவின் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. மறுபடி கிளப்பினேன். இந்தத் தடவை கிளட்சைப் பாதி மிதித்தபடியே நகர்த்தினேன். பத்தடி போவதற்குள் காருக்கு அடியிலிருந்து புகை வந்தது.

"ஹோமம் நாளைக்குன்னா? இப்பவே ஆரம்பிச்சுட்டேளா?" என்றார் பெரியப்பா.

அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பற்களைக் கடித்தபடி கேட்டார்:

"சேஷு, என்னடா பண்ணினே?"

"கியர் பாக்ஸ் மாத்தினேம்பா."

"எதுக்கு?"

"வேகமா போறதுக்கு."

சுற்றி நின்றவர்கள், "தள்ளிண்டு போயிடலாமே" என்றார்கள். பெரியப்பா காரை விட்டு இறங்கியே விட்டார். "எங்காத்துப் பிள்ளையைக் கட்டை வண்டி மாதிரித் தள்ளிண்டு போறதா? நன்னாருக்கு சம்பந்தி! ராத்திரி ரயில் எத்தனை மணிக்கு?"

தூரத்தில் எங்கள் வீட்டு மாடி ஜன்னலில் அக்கா நிற்பது தெரிந்தது. திருச்சியிலிருந்து வேறு கார் வரப் பாலம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் ராத்திரி ரயிலே வந்துவிடும். மூன்றாவது இடமும் என்னால் போகப்போகிறது என்று நினைத்தபோது, பந்தயமாவது மண்ணாங்கட்டியாவது என்று அழுகை வந்தது. தவில்காரர் வெளியே வர வழிவிடலாம் என்று ரிவர்ஸ் போட்டேன்.

கார் தேர் மாதிரி நகர்ந்தது. குலுக்கல் இல்லை, புகை இல்லை. அந்தப் பெட்டியில் மெதுவாகப் போகத் தெரிந்த ஒரே கியர் அதுதான்.

பின் ஸீட்டிலிருந்து மாப்பிள்ளை குனிந்தார். "சேஷு, இப்ப நன்னா போறதே!"

"இது ரிவர்ஸ் அத்திம்பேர்."

மாப்பிள்ளை திரும்பிக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "அதனால என்ன? காரைத் திருப்பிடு. நானும் திரும்பிக்கறேன்."

நாலு பேர் பிடித்துக் காரைத் திருப்பினோம். மாப்பிள்ளை எழுந்து, மடித்து வைத்த கூரைத் துணியின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, காலை டிக்கியின் மேல் நீட்டினார். காரின் முகப்பிலிருந்த பூ அலங்காரமெல்லாம் ஊர்வலத்தின் வாலுக்குப் போயிற்று.

"நான் எங்கே உட்கார்றது? கடைசியிலயா?" என்று பெரியப்பா கர்ஜித்தார்.

"நீங்களும் என் பக்கத்துல வாங்கோ பெரியப்பா."

இரண்டு பேர் கை கொடுத்து அவரை மேலே ஏற்றினார்கள். சாதாரணமாக ஜானவாசத்தில் மாப்பிள்ளையை டிரைவரும் கண்ணாடியும் மறைப்பார்கள். இப்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முழுக்க இவர்கள் முகத்தில். "மாப்பிள்ளை லட்சணமா இருக்கார். பக்கத்துல யாரு, பெரியவரா? என்ன தேஜஸ்!" என்று ஒரு மாமி சொன்னது பெரியப்பாவின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

எனக்குத்தான் வழி தெரியவில்லை. பின்னால் திரும்பினால் இரண்டு முதுகுகள். "வலது... இன்னும் வலது... மாடு வரது, நில்லு... இப்ப வா" என்று மாப்பிள்ளையே வழி சொல்லிக்கொண்டு தன் கல்யாணத்துக்குப் போனார். கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்கு ஒரு வாரம் நேரே பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நடந்து வந்த அப்பா, பின்னோக்கி ஊர்ந்த காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்ல வேகம்டா," என்றார்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. மறுவாரமே பழைய பெட்டியை மாட்டப் புறப்பட்டேன். வாசலில் அடுத்த தெருக் கல்யாண வீட்டுக்காரர் நின்றார். "உங்காத்துல பண்ணின மாதிரியே பின்பக்கமா வரணும். சம்பந்திகள் கேக்கறா." அதற்கடுத்து இன்னொருவர். தையும் மாசியும் அந்தக் கார் ஒரு முகூர்த்தம் விடாமல் பின்னோக்கிப் போயிற்று, நான்தான் ஓட்டினேன். பந்தய நாளன்று சித்திரை வீதியில் ஒரு மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அக்கா தன் ஜானவாசத்தன்று, பின்னோக்கி வந்த காரைப் பார்த்து ஜன்னலில் சிரித்த சிரிப்பை நினைத்தால் பாதி வருத்தம் போய்விடும்.

மீதிப் பாதியை அத்திம்பேர் பார்த்துக்கொள்கிறார். இன்றும் என் காரில் ஏறுமுன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, டிக்கியைத் தட்டிவிட்டு, பௌதிக வாத்தியார் குரலில் கேட்பார்:

"சேஷு, நான் எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும்?"